‘மாத்திரை போட்டாச்சா?’ என்று கேட்கிறவர்களுக்கு



மாதம் ஒரு புதன்கிழமை, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் வராந்தாவில், ஓபி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்திருக்கும், பெயர் தெரியாது. அந்த வராந்தாவில் யாரும் பெயர் கேட்பதில்லை. “உங்களுக்கா, உங்க வீட்டுக்காரருக்கா?” என்பதோடு பேச்சு நின்றுவிடும். பிறகு ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

என் கணவருக்கு பைபோலார். தமிழில் எழுதும் மருத்துவர்கள் இருமுனைப் பிறழ்வு என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ‘வோல்டேஜ்’ என்று பெயர், அவரே வைத்தது. அவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். சுற்றுவட்டாரத்தில் எந்த போர்வெல் மோட்டார் எரிந்தாலும் எங்கள் கடைக்குத்தான் வரும். ஹை வோல்டேஜ் வந்தாலும் காயில் எரியும், லோ வோல்டேஜ் வந்தாலும் எரியும், மோட்டார் மேல் குற்றமில்லை என்று ஒருமுறை சொன்னார். தன்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. கல்யாணமாகி 22 வருடம் ஆகிறது. நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். சொல்லவேண்டியதை வார்த்தையில் வைக்கத் தெரிந்தவள் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். ஒரு தப்பான கேள்வியைப் பதினெட்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது போன ஐப்பசியில்தான் தெரிந்தது.

என் தம்பி வீட்டு விசேஷம். பந்தியில் இவரை உட்காரவைத்துவிட்டு, என் சொந்தக்காரப் பையன் ஒருவன் பரிமாறுகிறவரிடம், “இவரு கொஞ்சம் ஒரு மாதிரி, பாத்துக்கங்க” என்று சொன்னது இவர் காதில் விழுந்துவிட்டது. பாதி இலையில் எழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் சத்தம் போட ஆரம்பித்தார். “உங்க ஆளுங்க என்னை என்னன்னு நெனச்சிருக்காங்க? நான் ஓசிச் சோறு திங்க வந்தவனா?” நான் அடுப்படி நிலைப்படியில் நின்றேன். பதில் இல்லை என்னிடம். வாயில் வந்தது இதுதான்: “நேத்து ராத்திரி மாத்திரை போட்டீங்களா?”

சத்தம் அந்த நொடியே நின்றது. அலமாரிக்குப் போய் மாத்திரை டப்பாவை எடுத்துவந்தார். அட்டையை என் முன்னால் மேசையில் வைத்து, காலியான ஒவ்வொரு குழியையும் விரலால் தொட்டு எண்ணினார். ஞாயிறு. திங்கள். செவ்வாய். ஒன்றுகூட விட்டிருக்கவில்லை. பிறகு, கத்தும்போது இருந்த குரலைவிட என்னைப் பயமுறுத்திய ஒரு மெல்லிய குரலில் சொன்னார்: “எனக்குக் கோவம் வரக் கூடாதா, சொல்லு. ஊர்ல எல்லாருக்கும் வர்ற கோவம் எனக்கு வந்தா மட்டும் அதுக்கு டாக்டர் சீட்டு வேணுமா?”

அவர் கோபம் நியாயமானது. அவமதித்தவன் என் ஆள். “ஆமா, அவன் பேசினது தப்பு, நான் கேக்கறேன்” என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான். அதைச் சொல்ல மனசு வராமல், அவருடைய நோயை எடுத்து அவர் வாயை அடைத்தேன். பந்தியில் அந்தப் பையன் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதான் என்று அன்றிரவு தூங்காமல் படுத்திருந்தபோது தெரிந்தது.

நாம் எல்லோரும் இதைக் கேட்கிறோம். வழக்கத்தைவிடப் பலமாகச் சிரித்தால் கேட்கிறோம். புதுச் சட்டை வாங்கிவந்தால் கேட்கிறோம். மத்தியானம் கொஞ்சம் அதிகம் படுத்துவிட்டால், கேட்காவிட்டாலும் மாத்திரை அட்டையைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். மகளுக்கு நல்ல மதிப்பெண் வந்த அன்று அவர் தெருவில் நாலு வீட்டுக்கு ஸ்வீட் கொடுத்தார். என் மாமியார் என்னைப் பார்த்தார், நான் மகளைப் பார்த்தேன். அந்தப் பார்வையை அவரும் பார்த்தார். மீதி ஸ்வீட் பெட்டியை மேசையிலேயே வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். பெற்ற பெண்ணின் மதிப்பெண்ணுக்குச் சந்தோஷப்படக்கூட அவர் எங்களிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

நமக்கு ஏன் இந்தப் பயம் என்பதை வெளியாட்களுக்குச் சொன்னால் புரியாது. உங்களுக்குப் புரியும்.

2009-இல், ஆடி மாதம். மூன்று ராத்திரி அவர் சரியாகத் தூங்கவில்லை. களைப்பும் இல்லை. நாலாவது நாள் விடிகாலை கடையைத் திறந்து, ஆறு மோட்டார் கட்டி முடித்தார். எல்லோரும் மெச்சினார்கள். இரண்டாம் வாரம் 300 கிலோ எனாமல் கம்பி லாரியில் வந்து இறங்கியது. எங்கள் கடைக்கு ஒரு வருடத்துக்கும் மேல் தாங்கும் சரக்கு, எல்லாம் கடன். பட்டுக்கோட்டையிலும் காரைக்குடியிலும் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தார். என் நகை தாலிச் சங்கிலி நீங்கலாக அடகுக்குப் போயிருந்தது. எனக்குத் தெரியாமல் இல்லை, நானேதான் கழற்றிக் கொடுத்தேன். அவ்வளவு தெளிவாக, அவ்வளவு ஆசையாகப் பேசினார். மேலேறும் மனசு பேசுகிற பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதை நம்பாமலிருப்பது கஷ்டம். தடுத்தவர்கள் எல்லோரும் விரோதியானார்கள். அவர் அண்ணன்மேல் கை நீட்டினார். கடைசியில் நாலு பேர் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிறகு இறங்குமுகம். ஐந்து மாதம் கடை திறக்கவில்லை. அந்தக் கடன் அடைய ஏழு வருடம் ஆயிற்று.

இப்படி ஒன்றைப் பார்த்தவள் சிரிப்புச் சத்தத்துக்குப் பயப்படத்தான் செய்வாள். பயத்தை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பயம் காவலாக மாறி, பாயில் நமக்கும் அவருக்கும் நடுவில் வந்து படுத்துக்கொள்வதைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. வராந்தாவில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

கல்யாணமான முதல் மூன்று மாதம் அவர் மாதிரி ஒரு ஆண்பிள்ளை இந்த ஊரில் இல்லை. தினம் ஐந்து முழம் பூ. ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி, “வா, கடல்ல சூரியன் வர்றதப் பாத்துட்டு வரலாம்” என்று வண்டியில் வைத்து மீமிசல் கரைக்குக் கூட்டிப்போனார். நான் கவிதை வாசித்தவள், கனவில்கூட அப்படி ஒருவரை எதிர்பார்க்கவில்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அலை வராத அந்தச் சேற்றுக் கரையில், ஈரத்தில், என் கால்விரல் ஒவ்வொன்றையும் தொட்டு ஒவ்வொரு ஊர்ப் பெயர் வைத்தார். இந்த ஊருக்கெல்லாம் உன்னைக் கூட்டிப்போவேன் என்றார்.

பின்னால், ஒரு மருத்துவர் என்னிடம் பழைய கதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தபோது இதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டியபடி குறித்துக்கொண்டார். அந்த மூன்று மாதமும் ஒரு சின்ன மேலேற்றம், முழுப் பித்து நிலைக்கு முந்தைய படி என்று விளக்கினார். நல்ல மனிதர், அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். என் கால்விரலுக்கு ஊர்ப் பெயர் வைத்தது நோயா? என்னிடம் ஆசை வைத்தது அவரா, அதுவா?

இந்தக் கேள்வியோடு பல வருடம் இருந்துவிட்டுச் சொல்கிறேன். நோய் ஒருவரைத் தூங்கவிடாமல் செய்யும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பும். எழுந்தவர் யாரைத் தட்டி எழுப்புகிறார், எந்தக் கரைக்குக் கூட்டிப்போகிறார் என்பதெல்லாம் அவருடையது. சின்ன வயசில் அவர் அப்பாவோடு நண்டு பிடித்த கரை அது. அது எனக்கு நாலு வருடம் கழித்து, அவர் சமநிலையில் இருந்த ஒரு சாயங்காலம், அவர் சொல்லித்தான் தெரியும். இந்த நோய்க்கான லித்தியம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ரத்தத்தில் அதன் அளவு சரியாக இருக்கிற மனிதர்தான் அதைச் சொன்னார். அந்தக் கரை நோய்க்குச் சொந்தமில்லை.

இதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மருந்து பிடித்து அவர் அமைதியான பிறகு, அந்த முதல் மூன்று மாதத்து மனிதருக்காக நான் ஏங்கியிருக்கிறேன். இவர் கூடவே இருக்கும்போதே அவரைத் தேடியிருக்கிறேன். ஒருமுறை அவர் இரண்டு நாள் மாத்திரை விட்டது தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன், கொஞ்சம் சிரிக்கட்டுமே என்று. உங்களில் யாராவது அப்படிச் செய்திருந்தால், அதை மனசில் பூட்டி வைக்காதீர்கள், யாரிடமாவது சொல்லுங்கள். அந்த ஏக்கம் நோய் உள்ளவர்களுக்கும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் கே ரெட்ஃபீல்டு ஜேமிசன் இந்த நோயைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர், அவருக்கே இந்த நோய். தன் கதையை 1995-இல் புத்தகமாக எழுதினார். என் மகள் அதைப் படித்து எனக்குத் தமிழில் சொன்னாள். எல்லாம் தெரிந்த அவரே லித்தியத்தைத் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்திருக்கிறார். மாத்திரையை விடுகிறவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று நான் நினைப்பதை அன்றோடு விட்டேன்.

லித்தியத்தின் கதையே அப்படித்தான் தொடங்குகிறது. ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர், இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்றரை வருடம் ஜப்பானியரின் கைதியாக இருந்தவர். ஊர் திரும்பி மெல்போர்ன் பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் ஆராய்ச்சி செய்தார். பித்து நிலையில் இருந்த 10 பேருக்கு லித்திய உப்பைக் கொடுத்து, கண்டதை 1949-இல் எழுதினார். அவரிடம் முதலில் மருந்து சாப்பிட்டவர் ஐந்து வருடமாக அடங்காத நிலையில் இருந்தவர். சில மாதத்தில் வீட்டுக்குப் போனார், பழைய வேலைக்கே போனார். பிறகு மாத்திரையை விட்டுவிட்டார். ஆறு மாதத்தில் திரும்ப மருத்துவமனைக்கு வந்தார். கேட் கொடுத்த அந்த மருந்தைச் சாப்பிட்டுச் சுகமான முதல் மனிதரே அதை விட்டவர்தான் என்று எங்கள் மருத்துவர் சொன்னபோது, இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்று எங்கள் இருவருக்கும் எதுவோ இலகுவாயிற்று.

மருந்தைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டியது, போட்டாரா இல்லையா என்பது மட்டுமில்லை. 2016 அக்னி நட்சத்திரத்தில் இவர் ஒரு பெரிய மோட்டாரைத் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கி ஐந்து நாள் போட்டார். கடையில் தகரக் கூரை, வேர்வையாகக் கொட்டும். ஆறாம் நாள் கம்பியை ஸ்லாட்டில் இறக்க முடியாமல் கை ஆடியது. இருபது வருடம் பழகிய கை. பேச்சு குழறியது, இரண்டு தடவை வாந்தி. சாராயம் குடித்திருக்கிறார் என்று கடைப் பையன்கள் நினைத்தார்கள். ரத்தம் பார்த்தால் லித்தியம் 1.8. சாதாரணமாக 0.6-க்கும் 1-க்கும் நடுவில் இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினாலே ஆபத்து. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும், சில பிரஷர் மாத்திரைகளும், உடம்பில் தண்ணீர் வற்றுவதும், திடீரென்று உப்பைக் குறைப்பதும் லித்தியத்தை ரத்தத்தில் ஏற்றிவிடும். வயிற்றுப்போக்கு வந்தால் உடனே மருத்துவரைக் கேளுங்கள். அளவு பார்க்க ரத்தம் எடுப்பது கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. தைராய்டும் சிறுநீரகமும் அவ்வப்போது பார்க்க வேண்டும். ‘போட்டாச்சா’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அவர் கை ஆடுவதைக் கவனிக்கத் தெரியவில்லை.

பெண்ணுக்கு இந்த நோய் இருந்தால் ஊர் நடந்துகொள்கிற விதமே வேறு. அதைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனசில்லை. ஆணுக்கு வந்தால், மனைவி பொறுத்துப் போக வேண்டும் என்கிறார்கள். பெண்ணுக்கு வந்தால், பெட்டி படுக்கையோடு அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். வராந்தாவில் அம்மாவோடு வரும் இளம்பெண்களை எண்ணிப் பாருங்கள், கணவரோடு வருகிறவர்களையும் எண்ணிப் பாருங்கள். ஒருவர் மட்டும் மறக்காமல் ஒவ்வொரு மாதமும் மனைவியைக் கூட்டிவருவார். அவர் மனைவிக்கு இரண்டாம் பிரசவத்துக்குப் பிறகு வந்தது. பிள்ளை பெற்ற முதல் சில வாரங்கள் இந்த நோய்க்கு மிக அபாயமான காலம். மாத்திரையில் கை நடுங்குவதால் அந்த அம்மாவுக்குத் தலை பின்னிக்கொள்ள வராது. டோக்கன் கூப்பிடுவதற்குள் அவர் பின்னிவிட்டுவிடுவார், பொறுமையாக, மூன்று கால் எடுத்து. கல்யாணமான, கல்யாணத்துக்கு நிற்கிற பெண்களுக்கு ஒரு வார்த்தை: வால்ப்ரோயேட் என்ற மாத்திரை கருவிலிருக்கும் குழந்தைக்குக் கெடுதல். குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். தானாக எதையும் நிறுத்தவும் கூடாது.

குழந்தைக்கும் வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாய் தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தால், நூறு குழந்தைகளில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு வரக்கூடும். மற்றவர்களுக்கு வருவதில்லை. என் மகளுக்கு இது தெரியும். அவளுக்குப் பதினாறு வயசானபோது அவள் அப்பாவே உட்காரவைத்துச் சொன்னார்.

எனக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை. ‘பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்’ என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. அது கேலிக்குச் சொன்னது, அதையே வைத்தியமாக எடுத்துக்கொண்டவர்கள் பலர். அவர் போட்டுவந்த மாத்திரை சத்து மாத்திரை என்று எனக்குச் சொல்லப்பட்டது. கல்யாணமான நாலாம் மாதம் அட்டையில் இருந்த பெயரை எழுதிக்கொண்டுபோய், எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். அந்தச் சாயங்காலம் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் பஸ் ஸ்டாண்டில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். நோய் என்னை அவ்வளவு உடைக்கவில்லை, வீடே சேர்ந்து மறைத்ததுதான் உடைத்தது. பெற்றவர்கள் யாராவது இதைப் படித்தால், நிச்சயத்துக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்று போகிறவர்கள் போகட்டும். தெரிந்து வருகிற ஒருத்தியின் துணை வேறு மாதிரி இருக்கும்.

இறங்குமுகத்தைப் பற்றி அதிகம் எழுத என் கை வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். குளிக்க மாட்டார். “மனசைத் தைரியமா வெச்சுக்கங்க” என்று நான் சொல்வேன். கால் ஒடிந்தவரிடம் எழுந்து ஓடு என்று சொல்வதைப் போன்றது அது என்று அவர் பிறகு சொன்னார். அந்த நாட்களில் அவருக்கு உதவியது, நான் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தியது மட்டும்தானாம். பேனா கீறுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்குமாம். ஆனால் ஒன்று: “நான் இல்லாட்டி நீங்க நல்லா இருப்பீங்க” என்ற மாதிரி ஒரு சொல் வந்தால், சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள். நேராகக் கேளுங்கள், சாக வேண்டும்போல இருக்கிறதா என்று. கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. அவரைத் தனியே விடாதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். ராத்திரியானால் டெலிமானஸ் எண் 14416, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். வேறு காரணத்தைச் சொல்லி, மனச்சோர்வு மாத்திரையை மட்டும் வேறொருவரிடம் எழுதி வாங்கிப் போடுவதும் வேண்டாம். இந்த நோயில் அது மட்டும் தனியாகப் போனால் ஒரே தூக்காக மேலே தூக்கிவிடக்கூடும்.

உடம்பு விஷயமும் நம் தாம்பத்தியத்தில் ஒரு பாகம். மேலேறும்போது ஆசை கட்டுக்கடங்காது. வீட்டுக்கு வெளியே போய்விடுகிறவர்களும் உண்டு. இறங்கும்போதும், சில மருந்துகளிலும் ஆசையே இருக்காது. இரண்டையும் நம் அழகோடும் குணத்தோடும் முடிச்சுப் போட்டுக்கொண்டு அழுகிறோம். மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றிப் பார்க்க வழியுண்டு. நான் சொல்ல எட்டு வருடம் வெட்கப்பட்டேன்.

இப்போது ஒரு காகிதத்தைப் பற்றி.

அந்த ஐப்பசிச் சண்டைக்கு மூன்றாம் நாள், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மகளின் பழைய கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என்னிடம் கொடுத்து, “எழுது, நான் சொல்றேன்” என்றார். நல்ல நிலையில் இருக்கும் மனிதர், நல்ல நிலையில் இல்லாத தனக்காகச் சொன்னது அது. இரண்டு ராத்திரி தொடர்ந்து நாலு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் மறுநாள் ஆஸ்பத்திரி, அன்று நான் என்ன காரணம் சொன்னாலும் கேட்காதே. ஐயாயிரத்துக்கு மேல் எதை வாங்குவதென்றாலும் இரண்டு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு. ஏடிஎம் கார்டு உன்னிடம். கூட்டிப்போக அண்ணனைக் கூப்பிடாதே, கடைப் பையன்களில் மூத்தவனைக் கூப்பிடு, அவன் பேச்சைக் கேட்பேன். பையன்கள் முன்னால், சொந்தக்காரர் முன்னால், சண்டைக்கு நடுவில், மாத்திரை என்ற சொல் வரக் கூடாது. காலையில் காப்பி கொடுக்கும்போது அட்டையை நானே உன் பக்கம் வைப்பேன், நீ பார்த்துக்கொள், கேட்காதே. இவ்வளவும் சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். “இதையும் எழுது. வருஷத்துல ரெண்டு தடவை நீ உங்கம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துட்டு வரணும். என்னைப் பத்தி ஒரு போன்கூட வரக் கூடாது.” அதை எழுதும்போது எனக்கு எழுத்து சரியாகத் தெரியவில்லை.

இதற்குச் சட்டத்திலும் இடமிருக்கிறது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், வயது வந்த எவரும் தனக்கு எப்படிச் சிகிச்சை தரலாம், எப்படித் தரக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தன்னால் முடிவெடுக்க முடியாத நேரத்தில் தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று ஒருவரை நியமிக்கலாம். அவர் என் பெயரைச் சொன்னார். தாலி கட்டியபோது யாரும் முழுசாகத் தெரிவித்து என் சம்மதத்தைக் கேட்கவில்லை. இந்தத் தடவை எல்லாம் தெரிந்து, நான் சரி என்றேன்.

அந்தத் தாள் இருப்பதால் இப்போது நான் காவல்காரி இல்லை. தூக்கம் குறைந்தால் நான் சொல்வது என் சந்தேகம் இல்லை, அவர் சொல்லையே அவருக்குத் திருப்பிச் சொல்கிறேன். இந்தத் தையில் ஒருமுறை சொல்ல வேண்டியும் வந்தது. முறைத்தார். கோபமாகத்தான் வண்டியில் ஏறினார். ஆனால் ஏறினார். மருந்தைக் கொஞ்சம் மாற்றியதோடு பத்து நாளில் அடங்கியது. 2009-ஐ நினைத்துப் பார்த்தேன், நாலு பேர் பிடித்துத் தூக்கியதை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநோயாளர் விடுதித் தீயில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரையும் நினைத்துக்கொண்டேன். அவர்களையும் ஏதோ ஒரு வீட்டார், பயத்தில், வேறு வழி தெரியாமல்தான் அங்கே கொண்டுபோய் விட்டிருப்பார்கள்.

உங்களில் சிலருக்கு இந்தத் தாள் பொருந்தாது, எனக்குத் தெரியும். அடி வாங்குகிறவர்கள் இருக்கிறீர்கள். நோயை ஒப்புக்கொள்ளாதவர், மருத்துவரிடம் வராதவர், பிள்ளைகளின் மேல் கை வைக்கிறவர். உங்களிடம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நோய் அடிப்பதற்கு உரிமைச் சீட்டு ஆகாது. விலகிப் போனால் நீங்கள் கைவிட்டவர் ஆக மாட்டீர்கள். நல்ல நிலையில் இருக்கும் துணையை, நோய் என்ற ஒற்றைச் சொல்லை வைத்து வெட்டிவிடப் பார்ப்பது வேறு கதை. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் மனநோய் விவாகரத்துக்கு ஒரு காரணம்தான். ஆனால் நோய் இருந்தால் மட்டும் போதாது, சேர்ந்து வாழும்படி எதிர்பார்ப்பது நியாயமில்லை என்கிற அளவுக்கு அது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லியிருக்கிறது. எது உங்கள் நிலை என்பது உங்களுக்குத்தான் தெரியும். தெரிந்துகொள்ளப் பேச்சுத் துணை வேண்டும்.

அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். 2015–16-இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில், இந்த நோய் உள்ளவர்களில் பத்துக்கு ஏழு பேர் சிகிச்சையிலேயே இல்லை என்று தெரிந்தது. வராந்தாவரை வந்துவிட்ட நாம், மீதி மூன்று பேரின் வீட்டார். நாம்கூடச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் யார் பேசுவது?

வருகிற புதன்கிழமை நான் வருவேன். மருந்து வாங்கும் ஜன்னலுக்கு எதிர் பெஞ்சில், பச்சை ஒயர் கூடையோடு உட்கார்ந்திருப்பேன். கூடையில் அந்தத் தாளின் நகல் இருக்கும், உங்களுக்குக் காட்டலாம் என்று அவரே சொல்லிவிட்டார். வெறும் தாளும் நாலு வைத்திருக்கிறேன். நம்மவர்கள் உள்ளே போய்வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி